கத்தாத பெட்டி

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லி விசாரித்தால் கையை விரித்துவிடுவார்கள். பிரஷ்காரி என்று கேட்டால் கடை வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். கொண்டையில் எந்நேரமும் ஒரு மெல்லிய பிரஷ் செருகியிருக்கும். அதை மேசை முழுக்கத் தேடி, இழுப்பறைகளைக் கலைத்து, எதிர்க் கடைக்காரரைச் சந்தேகப்பட்டு, கடைசியில் தலையைச் சொறியும்போது கண்டெடுப்பாள்.

ரேடியோ, ரிமோட், சலவை இயந்திரம், எதுவானாலும் சரி, உள்ளே ஒரு பச்சைப் போர்டு இருந்தால் அது என்றைக்காவது அவள் மேசைக்கு வந்தே தீரும். வருகிறவற்றில் பாதிக்கு வியாதியே கிடையாது, வெறும் தூசிதான் என்பது அவள் கட்சி. தூசி சும்மா உட்காராது, ஈரத்தை இழுக்கும், ஈரம் மின்சாரத்துக்குக் குறுக்கு வழி காட்டும், அப்புறம் இயந்திரம் கிறுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் இறங்கும்வரை பொறுத்திருப்பாள். உடம்பில் தேங்கிய மின்சாரம் போர்டில் பாயாதிருக்க மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் வயரை எர்த்தில் மாட்டிய பிறகுதான் போர்டைத் தொடுவாள். தொடும்போதும் ஓரத்தில்தான் பிடிப்பாள். வாயால் ஊதவே மாட்டாள். "எச்சில் தெறிச்சா, தூசியே தேவலைன்னு ஆயிடும்" என்பாள். ரப்பர் குமிழால் மெல்ல ஊதி, பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தள்ளி, பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு இடுக்கெல்லாம் துடைத்து, ஒரு மணி நேரம் உலர விடுவாள். இவ்வளவும் மற்றவர்களும் செய்வதுதான்.

கடைசியில் அவள் மட்டும் செய்கிற ஒன்று இருந்தது. ஒரு நீல டப்பாவை எடுத்து, போர்டின் மேல் சிலிக்கோன் ஸ்பிரேயை மெல்லிசாக அடிப்பாள். கண்ணுக்குத் தெரியாத படலமாக அது படிந்துவிடும். அதன் மேல் தூசி ஒட்டாது, ஈரம் ஏறாது. போர்வை போர்த்துவது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். போர்வை போர்த்திய போர்டு எதுவும் கடைக்குத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அவளுக்கு உறவென்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரே ஒரு அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி முழுக்க வேலை, பகலில் தூக்கம். கடையிலிருந்து கால் மணி நேர நடையில் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தில், நாலாவது மாடியில் தனியாக இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், போகிற போக்கில் அக்காவின் மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பால் கெட்டது தெரியாது, இஸ்திரிப் பெட்டியில் துணி கருகுவது தெரியாது. "வார்டு நாத்தம் தெரியல, அந்த வகையில எனக்கு லாபம்தான்" என்று அக்கா சிரிப்பாள். தங்கைக்குச் சிரிப்பு வராது. எரிவாயுக் குழாய் வைத்த வீட்டில் மூக்கு இல்லாமல் ஒருத்தி தனியாகத் தூங்குகிறாள் என்பதே அவள் நினைப்பு. அவள்தான் அலைந்து திரிந்து ஒரு கேஸ் அலாரம் வாங்கிவந்து சமையலறைச் சுவரில் மாட்டினாள். உள்ளங்கை அகல வெள்ளைப் பெட்டி. எல்லாம் ஒழுங்காக இருந்தால் பச்சை விளக்கு எரியும். காற்றில் கேஸ் கலந்தால் காது கிழியக் கத்தும்.

"இனிமே உனக்கு இதுதான்க்கா மூக்கு" என்றாள்.

அந்த மூக்கு ஒன்றரை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது. பிறகு ஒரு வாரம் விடாமல் கத்தியது. அக்கா சிவந்த கண்ணோடு, ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏய் சின்னவளே, இந்தச் சனியனுக்கு என்னன்னு பாரு. தூங்கி ஒரு வாரம் ஆச்சு. காலையில வந்து ஜன்னலைச் சாத்திட்டுப் படுக்கறேன், மத்தியானம் ஆனா போதும், ஊரைக் கூட்டுது. எழுந்து ஜன்னலைத் திறந்தா வாயை மூடிக்குது. மறுபடி சாத்திட்டுப் படுத்தா மறுபடி கத்துது."

"அடுப்பை ஒழுங்கா மூடுறியா?"

"அடுப்புப் பக்கமே போகல. கேண்டீன்லயே சாப்பிட்டுட்டு வந்துடறேன். எனக்கு மட்டும் இல்ல, மேல் வீட்டு வாத்தியார், எதிர் வீட்டம்மா, கீழ் வீட்டு டெய்லர், எல்லார் பெட்டியும் இதே கூத்துதான் அடிக்குது. என் வீட்டுல பார்த்துட்டு வாங்கினவங்க, இப்ப எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க. நாலையும் கழட்டிக் கொண்டாந்துட்டேன்."

"படிக்கட்டுல ஏதோ வேலை நடக்குதுன்னு சொன்னியே?"

"சுவரைக் குடைஞ்சு புதுசா ஒயர் இழுக்கறாங்க. வீட்டுக்குள்ள எங்க தொட்டாலும் சிமெண்ட் தூசி."

பிரஷ்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. தூசி என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவளுக்கு வேறு எதுவும் விழாது. ஒரே படிக்கட்டுச் சுவரை ஒட்டிய நாலு வீட்டுப் பெட்டிகள், ஒரே வாரத்தில், ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டாமா? அவள் கேட்கவில்லை. ஸ்குரூடிரைவரைத் தேடினாள்.

முதலில் அக்காவின் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த தூசியைத் தூசி என்றுகூடச் சொல்ல முடியாது. விரலால் தடவினால் லேசாக வெளுக்கும், அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது. ஆனால் அக்கா எதிரில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். சிமெண்ட் தூசி பொல்லாதது, கொஞ்சம் போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நாலு போர்டையும் ஊதி, துடைத்து, உலர்த்தினாள். போர்டின் நடுவில் வலை போட்ட ஒரு சின்ன உலோகக் குமிழ் இருந்தது, அதுதான் கேஸை மோப்பம் பிடிக்கிற சென்சார். அதன் வலையைக்கூட விடாமல் துடைத்தாள். அப்புறம் நீல டப்பாவை எடுத்து நாலுக்கும் போர்வை போர்த்தினாள். அக்காவின் பெட்டிக்குப் பாசத்தில் இரண்டு தரம் அடித்தாள்.

மூடி, மின்சாரம் கொடுத்து, டெஸ்ட் பொத்தானை அமுக்கினாள். நாலும் ஒன்றுபோல வீறிட்டன.

"பாத்தியா, தொண்டை நல்லாத்தான் இருக்கு. வெறும் தூசிதான்க்கா" என்றாள்.

அன்றிலிருந்து பெட்டிகள் மூச்சு விடவில்லை. அக்கா ஆசைதீரத் தூங்கினாள். டெய்லர் அந்தப் பக்கம் போகும்போது கடை வாசலில் நின்று, "உன் கையில ஏதோ இருக்கும்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார். மூன்று வாரம் இப்படி ஓடியது.

அன்று மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். மாணவர் விடுதியில் சமையல் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் கடைக்குள் வந்தார். அவருடைய கேஸ் அலாரத்தையும் போன வாரம் இவள்தான் சுத்தம் செய்து கொடுத்திருந்தாள். அதை அட்டைப் பெட்டியோடு மேசையில் வைத்தார்.

"என்னம்மா பண்ணின இதை? முன்னாடி தும்மினாக்கூடக் கத்தும். இப்ப நல்ல பிள்ளையா ஆயிடுச்சு."

"அதுக்குத்தானே கொடுத்தீங்க?"

"ரொம்ப நல்ல பிள்ளையா ஆயிடுச்சும்மா. காலையில பர்னர் அணைஞ்சு போனது தெரியாம விட்டுட்டேன். சமையக்கட்டு பூரா கேஸ், கண்ணெல்லாம் எரியுது. இது பச்சை லைட்டைப் போட்டுக்கிட்டுச் சிரிக்குது."

பிரஷ்காரி சிரித்தபடிதான் பெட்டியை வாங்கினாள். டெஸ்ட் பொத்தானை அமுக்கினாள், வீறிட்டது. ஒரு சிகரெட் லைட்டரை எடுத்து, பற்ற வைக்காமல், கேஸை மட்டும் வலைக்கு நேரே விட்டாள். பெட்டி பேசவில்லை. இன்னும் கிட்டே வைத்து, கட்டைவிரல் வலிக்க அமுக்கிப் பிடித்தாள். பச்சை விளக்கு அப்படியே எரிந்தது.

அலமாரியில் நேற்று வந்த வேறொரு அலாரம் இருந்தது, இன்னும் கை வைக்காதது, அழுக்கோடு. அதை இணைத்து, சூடேற ஐந்து நிமிடம் விட்டு, லைட்டரைக் காட்டினாள். கையை நீட்டுவதற்குள் அலறியது. சமையல்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அழுக்குப் பிடிச்சது கத்துது, குளிச்சது கத்தலையே" என்றார் அவர்.

அவள் அட்டைப் பெட்டியைத் துழாவினாள். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. யாரும் பிரித்துப் பார்க்காத தாள். எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து. பாதிக்கு மேல் ஒரு வரியில் விரல் நின்றது. சிலிக்கோன் கலந்த ஸ்பிரே, பாலிஷ் எதையும் அருகில் பயன்படுத்தக் கூடாது, சென்சார் நிரந்தரமாகச் செயலிழக்கும். அதற்கு அடுத்த வரியில், டெஸ்ட் பொத்தான் ஒலியையும் விளக்கையும் மட்டுமே சோதிக்கும் என்று இருந்தது.

நாலு தொண்டையையும் சோதித்துவிட்டு, நாலு மூக்கையும் அவள் கையாலேயே அடைத்து அனுப்பியிருக்கிறாள்.  அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அக்காவின் பெட்டியில் தூசியே இல்லை. ஜன்னலைச் சாத்தினால் கத்தியது, திறந்தால் அடங்கியது. சுவரைக் குடைந்த வாரத்தில் ஆரம்பித்தது. நாலு வீட்டுக்கும் போகிற கேஸ் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஏறுகிறது. பெட்டிகள் பொய் சொல்லவில்லை. நாலு வாரமாக அந்தக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

இப்போது மணி மூன்றாகப் போகிறது. அக்கா ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிற நேரம்.

அக்காவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எப்போதும் அப்படித்தான், நாலரை மணிக்கு எழுந்துதான் அக்கா அதை ஆன் செய்வாள். கடையைச் சமையல்காரர் தலையில் கட்டிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பிரஷ்காரி ஓடினாள். வழியில் கண்ட தெய்வத்தையெல்லாம் கும்பிட்டாள். ஒரு வண்டிக்காரர் திட்டினார், அது காதில் ஏறவில்லை.

கட்டட வாசலில் காவலாளி நாற்காலியைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலிப் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

"அண்ணே, கேஸ் மெயினை மூடுங்க. குழாய் ஒழுகுது."

"அது பெயிண்ட் வாசனைம்மா. ரெண்டு வாரமா அப்படித்தான் இருக்கு. எல்லாரும்தான் கேட்டாங்க."

"பெயிண்ட் இல்லண்ணே! மூடுங்க! லிப்டைத் தொடாதீங்க, எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க."

சாவி ஆபீஸ் அறையில் இருக்கிறது என்று முனகிக்கொண்டே அவர் எழுந்தார். எழுந்த வேகத்தைப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் சாவியைக் கண்டுபிடிப்பார் என்று தோன்றியது. அவள் படியில் பாய்ந்தாள். இரண்டாவது மாடி வரை பெயிண்ட் மணந்தது. மூன்றாவது மாடியில் பெயிண்டுக்கு அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது, அழுகிய முட்டை மாதிரி. நாலாவது மாடியில் பெயிண்ட்டே தெரியவில்லை.

அக்கா வீட்டுக் கதவின் முன் நின்றதும் கை தானாக அழைப்பு மணிக்குப் போனது. தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மணி உள்ளேதான் அடிக்கும், அதில் பறக்கிற ஒரு பொறி போதும். உள்ளங்கையால் கதவை அறைந்தாள்.

"அக்கா! அக்கா!"

நிறைய நேரம் ஒன்றுமில்லை. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

"யாரு இந்நேரத்துல?" தூக்கம் கலந்த குரல், கிட்டத்தில் வந்தது.

"நான்தான்க்கா. உள்ள கேஸ் நிரம்பியிருக்கு. எதையும் தொடாம அப்படியே கதவைத் திற."

"கேஸா?" ஒரு கொட்டாவி கேட்டது. "என்னடி உளர்றே? பெட்டி சும்மாதானே இருக்கு. பச்சை லைட்டு இங்கேருந்தே தெரியுது."

"அதை விடுக்கா, நீ வெளியே வா."

"தலை வேற வலிக்குது. இருட்டுல ஒண்ணுமே தெரியல, இரு, லைட்டைப் போட்டுட்டு வரேன்."

"போடாதே!"

"கத்தாதடி, பக்கத்துல இருக்கறவங்க என்ன நினைப்பாங்க. நீதானே சரிபண்ணிக் கொடுத்தே? கேஸ் இருந்தா அது கத்தாதா?"

சுவரைத் தடவுகிற சத்தம் கதவு வழியாக வந்தது. ஸ்விட்ச் போர்டு கதவுக்கு வலப்பக்கம் தோள் உயரத்தில் இருப்பது பிரஷ்காரிக்குத் தெரியும். சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான் இருந்தது.  அந்த நேரத்திலும் மானம் வந்து குறுக்கே நின்றது, என்ன பிறவியோ.

"கத்தாதுக்கா" என்றாள் கடைசியில். "அது செத்துப்போச்சு. நான் அடிச்ச ஸ்பிரேதான் அதைக் கொன்னுடுச்சு. தூசின்னு சொன்னேன் பாரு, அது தூசியே இல்ல. அது நிஜமாத்தான் கத்துச்சு. நான்தான் வாயை அடைச்சேன். உன் கால்ல விழறேன், ஸ்விட்சைத் தொடாதே."

உள்ளே தடவல் நின்றது.  தாழ்ப்பாள் மெதுவாக, மிக மெதுவாக விலகியது. கதவு திறந்ததும் இருட்டோடு சேர்ந்து அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. அக்கா தள்ளாடி வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தங்கை அவள் கையைப் பிடித்தாள், அக்கா கையை விடுவித்துக்கொண்டாள்.

"எனக்கு மூக்கு இல்லைன்னு தெரிஞ்சுதானேடி உன்கிட்ட கொடுத்தேன்" என்றாள்.

அதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம்.  அக்கா நர்ஸ் அல்லவா, படியின் கைப்பிடியைப் பிடித்து இரண்டு முறை மூச்சை இழுத்துவிட்டதும் தெளிந்துவிட்டாள். வாத்தியாரும் எதிர் வீட்டம்மாவும் வேலைக்குப் போயிருப்பார்கள், ஆறு மணிக்குத்தான் வருவார்கள் என்றாள். டெய்லர் மட்டும் வீட்டிலேயே தைக்கிறவர்.

"நீ கீழே போய் வாசல்ல இருக்கற காவலாளியை மெயினை மூடச் சொல்லுக்கா. வெளியே ரோட்டுக்குப் போனப்புறம்தான் தீயணைப்புக்குப் போன் பண்ணணும். நான் டெய்லர் அண்ணனைக் கூட்டிட்டு வரேன்" என்றாள் பிரஷ்காரி.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிரஷ்காரி மூன்றாவது மாடியில் நின்றாள். டெய்லரின் கதவுக்குப் பின்னால் தையல் மெஷினின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, ஒரு நீளத் தையலுக்கு ஓர் ஓட்டம். அந்த மோட்டாரை அவளுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே கார்பன் துண்டுகள் உரசி, சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் நீலப் பொறி பறக்கும். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் அறையில் கேஸ் இன்னும் பற்றிக்கொள்கிற அளவுக்குச் சேரவில்லை. எப்போது சேரும் என்று சொல்ல அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெட்டி.

இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். மோட்டார் ஓடியது. காலால் உதைத்தாள். மோட்டார் நின்றது.

"யாரும்மா அது, கதவை உடைக்கறது?"

இந்த முறை அவள் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, நான்தான், பிரஷ்காரி. கேஸ் ஒழுகுது. உங்க பெட்டி வேலை செய்யல, அதை நான் கெடுத்துட்டேன். மெஷினைத் தொடாதீங்க, எதையும் தொடாதீங்க, அப்படியே எழுந்து வந்துடுங்க."

 உள்ளே டெய்லர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.

"நீ கெடுத்தியா? உன் கை பட்டது கெட்டுப்போகுமா? பச்சை லைட்டு பளிச்சுன்னு எரியுதும்மா, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அது பெயிண்ட் வாசனை. அஞ்சு நிமிஷம் இரு, இந்த ஒரு சட்டையை முடிச்சுட்டு வந்து திறக்கறேன்."

"அண்ணே, வேண்டாம்! அண்ணே!"

மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது.